மெத்தனால் லேபிளும் எலியின் சாட்சியும்

கரைப்பான்களை வாங்கி, கலந்து, விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் மேஜைக்கு டிரம்மோ வால்வோ வராது, தாள்தான் வரும். எந்த ரசாயனம் உள்ளே வந்தாலும் அதோடு ஒரு சேஃப்டி டேட்டா ஷீட் வரும். எந்தக் கலவை வெளியே போனாலும் நாங்கள் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். 16 பிரிவுகள் கொண்ட அந்தத் தாளில், இந்தப் பொருளால் என்ன ஆபத்து, எந்த அளவு ஆபத்து என்பது இரண்டாம் பிரிவில் வரும். லேபிளில் தீச்சுடர் படம் போடுவதா, மண்டையோடு போடுவதா, மேலே 'அபாயம்' என்று எழுதுவதா, 'எச்சரிக்கை' என்று எழுதுவதா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த முடிவை எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் பயிற்சியாக மெத்தனாலைத்தான் கொடுப்பேன். எல்லாரும் கேள்விப்பட்ட பொருள். 67-56-1 என்ற அதன் சி.ஏ.எஸ். அடையாள எண்ணைத் தட்டினால் தகவல் கொட்டும். அதனால்தான் கொடுக்கிறேன். தகவலே இல்லாத பொருளில் தடுமாறுவது யாருக்கும் சகஜம். தகவல் குவிந்து கிடக்கிற பொருளில் எதை எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று பார்த்தால்தான் ஆள் தேறுவாரா என்று தெரியும்.

விதிகள் ஜி.ஹெச்.எஸ். என்கிற, ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிள் போடுவதற்கான உலகளாவிய முறையிலிருந்து வருகின்றன. 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் தொடங்கிய வேலை அது. ஐ.நா. 2003-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். அதற்கு முன் ஒரே திரவம் ஒரு நாட்டில் நச்சு, பக்கத்து நாட்டில் வெறும் 'தீங்கு', இன்னொரு நாட்டில் ஒன்றுமே இல்லை என்று கிடந்தது. இப்போது இயற்பியல் அபாயங்களுக்கு 17 வகுப்புகள், உடல்நல அபாயங்களுக்கு 10. பெரும்பாலான வகுப்புகளுக்குள் வகை 1, வகை 2 என்று படிகள் உண்டு. எண் சிறிதானால் ஆபத்து பெரிது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'வகை 1 தானே, பரவாயில்லை' என்று சொன்ன கிடங்குப் பொறுப்பாளர்களையும் பார்த்திருக்கிறேன்.

இயற்பியல் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், சுலபம். 17 வகுப்பில் பெரும்பாலானவை மூலக்கூறைப் பார்த்ததுமே விழுந்துவிடும். வாயுக்களுக்கும் திடப்பொருளுக்கும் உள்ளவை நமக்கு வேண்டாம். வெடிபொருளா? நைட்ரோ மாதிரியான தொகுதி எதுவும் இல்லை. பெராக்சைடா? ஆக்சிஜனோடு ஆக்சிஜன் சேர்ந்த பிணைப்பே இல்லை. ஆக்சிஜனேற்றியா? கரிமச் சேர்மத்தில் இருக்கிற ஆக்சிஜன் கார்பனோடும் ஹைட்ரஜனோடும் மட்டும் பிணைந்திருந்தால் சோதிக்கவே வேண்டாம் என்று விதியே சொல்கிறது. மெத்தனாலில் ஒரே ஒரு ஆக்சிஜன், ஒரு பக்கம் கார்பன், மறு பக்கம் ஹைட்ரஜன். தண்ணீர் பட்டால் எரிவாயு விடுமா? தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலந்து சும்மா கிடக்கும். காற்றுப் பட்டால் தானாகப் பற்றுமா? ஊரெல்லாம் திறந்து ஊற்றுகிறார்கள், பற்றவில்லை. கடைசியில் எஞ்சுவது எரியும் திரவம் என்கிற ஒரே வகுப்பு.

அங்கே இரண்டு எண்கள் போதும்: ஃபிளாஷ் பாயின்ட், கொதிநிலை. திரவத்திலிருந்து எழும் ஆவி, ஒரு சிறு சுடரைக் காட்டினால் கணப்பொழுது பற்றி அணையும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிற மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயின்ட். அது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, கொதிநிலையும் 35-ஐத் தாண்டாவிட்டால் வகை 1. ஃபிளாஷ் பாயின்ட் 23-க்குக் கீழே, கொதிநிலை 35-க்கு மேலே என்றால் வகை 2. ஃபிளாஷ் பாயின்ட் 23-லிருந்து 60 வரை வகை 3. அதற்கு மேல் 93 வரை வகை 4. டை எத்தில் ஈதர் 34.6-ல் கொதிக்கும், அதனால் மயிரிழையில் வகை 1. மெத்தனாலுக்கு ஃபிளாஷ் பாயின்ட் 11 வாக்கில், கொதிநிலை 64.7. வகை 2, முடிந்தது.

முடிந்தது என்றாலும், புதியவர்களை ஒரு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பி ஃபிளாஷ் பாயின்ட் எடுப்பதைப் பார்க்கச் சொல்வேன். மூடிய கோப்பை முறையில் பித்தளைக் கோப்பையில் குறிவரை மாதிரியை ஊற்றி, மூடி, முதலில் நன்றாகக் குளிர்விக்க வேண்டும். மெத்தனால் என்றால் அறை வெப்பத்தில் தொடங்குவதில் அர்த்தமே இல்லை, அப்போதே எல்லை தாண்டியிருக்கும். பிறகு மெதுவாகச் சூடு ஏற்றிக்கொண்டே, குறிப்பிட்ட இடைவெளியில் மூடியிலுள்ள சின்னக் கதவைத் திறந்து பட்டாணி அளவுச் சுடரை உள்ளே காட்டுவார்கள். ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம் ஏறும், மறுபடி காட்டுவார்கள். எல்லையை நெருங்கும்போது சுடரைச் சுற்றி நீலமாய் ஒரு வளையம் தோன்றும். புதியவர்கள் உடனே 'வந்துடுச்சு' என்று கத்துவார்கள். அது கணக்கில் வராது. திரவத்தின் பரப்பு முழுக்க ஒரு நீலத் தீ ஓடி அணைய வேண்டும், அதுதான் கணக்கு. மெத்தனாலுக்கு அந்த ஓட்டம் அவ்வளவு மங்கல். எங்கள் ஆய்வகத்தில் மெத்தனால் மாதிரி என்றால் அந்த மூலையின் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இதை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரிக் மியர்ஸ் எரிபொருள் நிரப்ப நின்றபோது மெத்தனால் சிந்திப் பற்றிக்கொண்டது. அவரும் குழுவினரும் துடித்ததுதான் தெரிந்தது. தீ எங்கே இருக்கிறது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சட்டென்று புரியவில்லை. அவருக்கு முகத்தில் தீக்காயம். சரி, பார்க்க முடியாத தீ என்பதற்கு ஜி.ஹெச்.எஸ்.ஸில் கூடுதல் வகை உண்டா? இல்லை. அதே வகை 2, அதே தீச்சுடர் படம். ஐந்தாம் பிரிவில், தீயணைப்புப் பகுதியில், ஒரு வாக்கியமாக எழுதலாம். எழுதியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் வகைக்குள் அடங்காது. மெத்தனால் ஆவி காற்றில் 6 சதவீதத்திலிருந்து 36 சதவீதம் வரை எரியும். பெட்ரோலுக்கு ஏறத்தாழ 1.4-லிருந்து 7.6 வரைதான். 20 டிகிரியில் மூடிய டேங்க்கில் மெத்தனாலுக்கு மேலே நிற்கும் காற்றில் சுமார் 13 சதவீதம் மெத்தனால் ஆவி இருக்கும். எரியும் எல்லைக்குள் நன்றாக உள்ளே. பெட்ரோல் டேங்க்கில் சாதாரணமாக ஆவி மிதமிஞ்சி இருப்பதால் உள்ளே பற்றுவதற்குக் காற்று போதாது. பெட்ரோலில் பழகிய கை, 'டேங்க்குக்குள்ளே பற்றாது' என்ற நினைப்போடு மெத்தனாலுக்கு வந்தால் ஆபத்து. இரண்டு லேபிளிலும் இருப்பது ஒரே தீச்சுடர்.

அப்புறம் உடல்நலப் பக்கம். நான் மெத்தனாலைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

இந்த முறை சேர்ந்த பையன் கெட்டிக்காரன். சப்ளையர் அனுப்பிய ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்தான். எந்த சப்ளையர் என்பது இங்கே வேண்டாம். இப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர். பதினோராம் பிரிவில், நச்சுத்தன்மை என்ற தலைப்பின் கீழே, எலிக்கு வாய்வழி எல்.டி.50, அதாவது சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5628 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. இரண்டாம் பிரிவில் எரியும் திரவம் வகை 2, அவ்வளவுதான். மண்டையோடு இல்லை.

"எல்.டி.50 5628 மேடம். வகை 4-ஓட எல்லையே 2000. வகை 5-ஐ ஏத்துக்கிட்ட நாட்டுலகூட 5000 வரைக்கும்தான். அதனால விழுங்கினா நச்சுங்கிறதுல எந்த வகையும் வராது. சரியாத்தானே போட்டிருக்காங்க?"

"கணக்கு சரிதான் தம்பி. பதினாலாம் பிரிவைப் படிங்க."

படித்தான். போக்குவரத்துக்கான ஐ.நா. எண் 1230, வகுப்பு 3, துணை அபாயம் 6.1, பேக்கிங் குழு இரண்டு. வகுப்பு 3 என்றால் எரியும் திரவம். 6.1 என்றால் நச்சு. லாரி ஓட்டுநருக்கு நச்சு, டிரம்மைத் திறக்கிறவருக்கு இல்லையா? அவன் ஷீட்டை இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் புரட்டினான்.

நான் எப்போதும் ஷீட்டைப் பின்னாலிருந்துதான் படிப்பேன். பதினான்கு, பதினொன்று, ஒன்பது, மூன்று, கடைசியாக இரண்டு. இரண்டாம் பிரிவு என்பது எழுதியவரின் முடிவு. மற்றவை அவர் கையில் இருந்த சரக்கு. முடிவை முதலில் படித்துவிட்டால், மீதியெல்லாம் அதற்குப் பொருத்தமாகவே கண்ணில் படும். பதினான்காம் பிரிவை பெரும்பாலும் வேறொருவர், போக்குவரத்துப் பட்டியலைப் பார்த்து நிரப்புவார்; அதனால் அதில் கொஞ்சம் உண்மை தப்பிப் பிழைத்திருக்கும்.

சரி, எலியிடம் வருவோம். வாய்வழிக்கு எல்லைகள் இப்படி: கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை வகை 1, 50 வரை வகை 2, 300 வரை வகை 3, 2000 வரை வகை 4. இந்த ஏணியில் எலியின் 5628 எந்தப் படியிலும் இல்லை. மூச்சுவழியிலும் அதே கதைதான், ஆவிக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பது வகை 4-இன் எல்லை, எலி அதையும் எங்கேயோ தாண்டித் தாங்குகிறது. எலியை மட்டும் கேட்டால் மெத்தனால் ஒரு சாது.

மனிதன் கதை வேறு. சிகிச்சை கிடைக்காவிட்டால் கிலோவுக்கு 300-லிருந்து 1000 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம். எலியின் எண்ணில் ஏறத்தாழ பத்தொன்பதில் ஒரு பங்கிலிருந்தே கதை முடியத் தொடங்குகிறது. உயிர் தப்பியவர்களில் பலருக்குக் கண் போயிருக்கிறது.

இது நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. மரத்தைக் காய்ச்சி எடுத்த மெத்தனால் நாறும், அதனால் பெரும்பாலும் யாரும் குடிக்கத் துணியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாற்றம் நீக்கிச் சுத்தப்படுத்தும் முறை வந்தது. மலிவான, மணமற்ற சரக்கு மருந்துகளிலும் வாசனைப் பொருள்களிலும் மதுவிலும் புகுந்தது. 1904-ல் வட அமெரிக்காவில் இரண்டு கண் மருத்துவர்கள் பார்வை இழந்தவர்களையும் இறந்தவர்களையும் பற்றிய பெரிய தொகுப்பையே வெளியிட்டார்கள். ஆனாலும் ஆய்வகத்தில் எலி, முயல் என்று எதற்குக் கொடுத்தாலும் மனிதனுக்கு வருகிற மாதிரி வரவில்லை. மெத்தனாலில் தவறில்லை, அதில் கலந்திருக்கிற அசுத்தம்தான் காரணம் என்றுகூட வெகுநாள் வாதாடினார்கள். 1950-களில் குரங்குகளில் சோதித்தபோதுதான் மனிதருக்கு வருவது போலவே ரத்தம் அமிலமாவது தெரிந்தது. 1970-களில் அந்த அமிலம் எது என்பதும் உறுதியானது.

ஃபார்மிக் அமிலம். மெத்தனால் நேரடியாகச் செய்வது ஒரு மயக்கம், அவ்வளவுதான். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடு ஆக்கும், அதை ஃபார்மிக் அமிலம் ஆக்கும். அந்த ஃபார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை முடக்கிவிடும். ஆற்றலுக்கு ஓயாமல் பசித்திருக்கும் பார்வை நரம்பு முதலில் அடிபடும். ஃபார்மிக் அமிலத்தை கார்பன் டை ஆக்சைடாக மாற்றி வெளியேற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். எலியின் கல்லீரலில் அது தாராளம், அமிலம் சேரச் சேர வெளியேறிவிடும். நமக்கும் குரங்குக்கும் அது குறைவு, வேகமும் குறைவு, அமிலம் தேங்கிவிடும். எலிக்கு ஃபோலேட்டைக் குறைத்துவிட்டு மெத்தனால் கொடுத்துப் பார்த்தார்கள், அதற்கும் அமிலம் தேங்கியது. எலி பொய் சொல்லவில்லை, தன் உடம்பைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. நாம் அதை நம்மைப் பற்றிய சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

ஊதாப் புத்தகம் என்று நாங்கள் சொல்லும் ஜி.ஹெச்.எஸ். விதிப் புத்தகம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மனிதரில் நம்பகமான ஆதாரம் இருந்தால், அது விலங்கு எண்ணைவிடக் கடுமையைக் காட்டினால், எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு வல்லுநர் முடிவெடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் மெத்தனால் விழுங்கினாலும், தோலில் பட்டாலும், சுவாசித்தாலும் நச்சு, மூன்று வழியிலும் வகை 3. மண்டையோடு வந்தாயிற்று. அதோடு, ஒரே தடவை பட்டாலே குறிப்பிட்ட உறுப்பைச் சேதப்படுத்தும் என்ற வகுப்பில் வகை 1. அதற்கு மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற அந்த மனித உருவப் படம். தலைப்பில் 'அபாயம்'.

பையன் கேட்டான், "சாகடிக்கும்னு ஒரு தடவை சொல்லியாச்சு. உறுப்பு கெடும்னு தனியா எதுக்கு மேடம்?" நல்ல கேள்வி. ஒரே விளைவை இரண்டு வகுப்பில் எண்ணக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டும் வேறு. சாகாமலே குருடாகலாம். இறப்பைக் கொண்டு போட்ட வகை குருட்டைச் சொல்லாது.

தப்பான வகைப்பாடு இரண்டாம் பிரிவோடு நிற்பதில்லை, அதைத்தான் அவனுக்குக் காட்ட நினைத்தேன். அதே ஷீட்டின் நான்காம் பிரிவில், முதலுதவியில், 'விழுங்கினால் வாயைக் கொப்பளிக்கவும், உடல்நிலை சரியில்லை எனில் மருத்துவரை அணுகவும்' என்று இருந்தது. நச்சு இல்லை என்று மேலே எழுதிவிட்டால், கீழே மென்பொருள் அந்த மெத்தென்ற வாக்கியத்தைத்தான் கொண்டுவந்து வைக்கும். மெத்தனால் விழுங்கியவருக்கு முதல் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட, லேசான போதையைத் தவிர ஒன்றுமே தெரியாது. ஃபார்மிக் அமிலம் சேர நேரம் எடுக்கும். 'சரியில்லை எனில்' என்று காத்திருந்தால் கண் மங்கும்போதுதான் கிளம்புவார். வகை 3 என்று போட்டிருந்தால் அதே இடத்தில் 'உடனடியாக மருத்துவரை அழைக்கவும்' என்ற வாக்கியம் வந்திருக்கும். மருந்து இருக்கிறது. மெத்தனாலை உடைக்கும் நொதியை ஃபோமெபிசோல் தடுக்கும். அது இல்லாத இடத்தில் மருத்துவமனையிலேயே கணக்காக எத்தனால் கொடுப்பார்கள், நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

மற்ற உடல்நல வகுப்புகளில் பெரும்பாலானவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். தோலை அரிக்காது, ஒவ்வாமை உண்டாக்குவதாக ஆதாரம் இல்லை, மரபணு மாற்றம், புற்றுநோய் என்ற தலைப்புகளிலும் வகை தரும் அளவுக்கு ஒன்றும் இல்லை. கண் உறுத்தல் விஷயத்தில் சிலர் வகை 2 போடுவார்கள், பலர் போடமாட்டார்கள், நான் அதற்காகச் சண்டை போடுவதில்லை.

இனப்பெருக்க நச்சு என்கிற வகுப்பில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். கருவுற்ற சுண்டெலிகளை அதிக மெத்தனால் ஆவியில் வைத்தபோது குட்டிகளுக்குப் பிளந்த அண்ணமும் மண்டை மூடாத குறையும் வந்தன. இதைப் படித்ததும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ எலி சாது இல்லையே மேடம்." இல்லைதான். ஆனால் அவ்வளவு ஆவியில் ஒரு பெண் இருந்தால் கருவுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு முன்பே அவள் உயிருக்கு ஆபத்து வந்துவிடும். சுண்டெலி அந்த அளவைத் தாங்கி நிற்பதால்தான் கருவில் விளைவைப் பார்க்க முடிகிறது. இந்த ஒரே தரவை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் இரண்டு முடிவெடுத்தார்கள். கலிஃபோர்னியா 2012-ல் வளரும் கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள்களின் பட்டியலில் மெத்தனாலைச் சேர்த்தது. ஐரோப்பிய ரசாயன முகமையின் வல்லுநர் குழு 2014-ல் கொறிவிலங்கின் வளர்சிதை மாற்றம் வேறு என்பதைக் காரணம் காட்டி, இந்த வகுப்பில் வகை வேண்டாம் என்றது. எனக்கு இரண்டாவது முடிவுதான் சரியாகப் படுகிறது. வாய்வழி நச்சுக்கு எலியை நம்பாதே என்று சொல்லிவிட்டு, கரு விஷயத்தில் மட்டும் அதை அப்படியே நம்பு என்றால் காரணம் வேண்டுமே. ஆனால் முதல் முடிவை எடுத்தவர்களை முட்டாள் என்று சொல்லமாட்டேன். கருவைப் பொறுத்தவரை தயக்கத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது வெறும் வேதியியல் கேள்வி இல்லை.

இதெல்லாம் சுத்தமான மெத்தனாலுக்கு. எங்களுக்கு நிஜமான வேலை கலவையில்தான். எங்களிடம் கண்ணாடி துடைக்கும் தொழிற்சாலைக் கலவை ஒன்று உண்டு. 20 சதவீதம் மெத்தனால், மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் நுரைப்பி. கலவையையே எலிக்குக் கொடுத்துச் சோதிப்பதில்லை, கூட்டுக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு நச்சுப் பொருளின் சதவீதத்தையும் அதன் நச்சு அளவால் வகுத்துக் கூட்டி, 100-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கலவையின் அளவு கிடைக்கும். எலியின் 5628-ஐப் போட்டால் எங்கள் கலவைக்கு 28,140 வருகிறது. தண்ணீர் மாதிரி. மனித ஆதாரத்தால் வகை மட்டும் முடிவான பொருளுக்குப் புத்தகத்தில் ஒரு மாற்று அட்டவணை இருக்கிறது. வாய்வழி வகை 3 என்றால் 100 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும். 100-ஐப் போட்டால் கலவைக்கு 500. அதாவது வகை 4. மனிதரில் உயிரைப் பறித்த அளவின் அடி எல்லையான 300-ஐ நேரடியாகப் போட்டாலும் 1500 வரும், அதுவும் வகை 4 தான். நான் 100 பக்கம் நிற்பவள்.

பையனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வகை 4 என்றால் மண்டையோடு போய் ஆச்சரியக்குறிப் படம், முதலுதவியில் மறுபடியும் அந்த 'உடல்நிலை சரியில்லை எனில்'. ஆனால் உறுப்புச் சேத வகுப்புக்குக் கூட்டுக் கணக்கு கிடையாது, எல்லை மட்டும்தான். வகை 1 பொருள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கலவையும் வகை 1. எங்களுடையது 20. எனவே நட்சத்திரப் படம் இருக்கும், 'அபாயம்' இருக்கும், முதலுதவியில் 'பட்டிருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ அழைக்கவும்' என்ற வாக்கியமும் சேரும். இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதும்போது நான் கடுமையானதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்கிவிடுவேன். ஃபிளாஷ் பாயின்டைக் கணக்குப் போடாமல் அளந்தோம். 40 டிகிரியைத் தாண்டித்தான் நீலம் ஓடியது. எரியும் திரவம் வகை 3.

லேபிளைப் பார்த்ததும் விற்பனைப் பிரிவு நண்பர் மேலே வந்துவிட்டார். துடைக்கிற தண்ணீருக்கு இவ்வளவு படமா என்று கேட்டார். "5 சதவீதமா குறைச்சா போயிடுமா?"

5 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் சரியாக 2000 வருகிறது. எல்லை 2000-ஐயும் உள்ளடக்கியது, எனவே இன்னும் வகை 4.

"அப்போ 4.9?"

4.9 போட்டால் 2040 சொச்சம், ஆச்சரியக்குறி போகும். உறுப்புச் சேதம் போகாது. வகை 1 பொருள் 1-லிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் கலவை வகை 2. ஐரோப்பாவில் மெத்தனாலுக்கு மட்டும் அந்தக் கீழெல்லையை 3 என்று வைத்திருக்கிறார்கள். எப்படியும் நட்சத்திரப் படம் நிற்கும், 'அபாயம்' மட்டும் 'எச்சரிக்கை' ஆகும். போலந்து முன்மொழிந்து, ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் கார் கண்ணாடி கழுவும் திரவத்தில் மெத்தனால் 0.6 சதவீதத்தைத் தொடவே கூடாது என்று 2018-ல் விதி போட்டதையும் அவருக்குச் சொன்னேன். அங்கே அதைக் குடித்தவர்கள் இருந்தார்கள். வகைப்பாட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுவதற்காகச் சதவீதத்தைச் செதுக்குகிற வேலை எனக்குப் பிடிக்காது. பொருளையே மாற்றுங்கள் என்றேன். வழக்கத்துக்கு மாறாக உற்பத்தியிலிருந்தும் அதையே சொன்னார்கள்.

இப்போது மெத்தனாலுக்குப் பதில் ஐசோபுரொப்பனால். சப்ளையர் ஷீட்டைப் பையன்தான் பிரித்தான், பின்னாலிருந்து. எலிக்கு வாய்வழி எல்.டி.50 இங்கேயும் 5000-ஐத் தாண்டி. மெத்தனாலின் எண்ணுக்குப் பக்கத்து வீடு. "இந்த எலியை நம்பலாமா மேடம்?" என்று கேட்டான். உடம்பு அதை என்னவாக மாற்றுகிறது என்று பாருங்கள் என்றேன். பார்த்தான், அசிட்டோன். அமிலம் தேங்குவதில்லை, பார்வை நரம்பில் கை வைப்பதில்லை, மனிதரில் நடந்த விஷச் சம்பவங்களும் ஆழ்ந்த மயக்கத்தையே பேசுகின்றன. இந்தத் தடவை எலியும் மனிதனும் ஒரே திசையில்தான் கை காட்டுகிறார்கள். பதினான்காம் பிரிவில் வகுப்பு 3 மட்டும், 6.1 இல்லை.

அவனே எழுதினான். சுத்தமான நிலையில் எரியும் திரவம் வகை 2, கண் உறுத்தல் வகை 2, மயக்கமும் தலைச்சுற்றலும் தரும் என்பதற்கு ஒரே தடவை உறுப்புப் பாதிப்பு வகை 3. கலவையில் 20 சதவீதம் என்றால் கண் உறுத்தலுக்கு 10 என்ற எல்லையைத் தாண்டிவிடும், மயக்கத்துக்கு 20 என்ற எல்லையை அப்படியே தொடும். ஃபிளாஷ் பாயின்டுக்கு மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. வரைவை அனுப்பிய பத்தாவது நிமிடம் விற்பனை நண்பரிடமிருந்து பதில் வந்துவிட்டது: "19 போட்டா?"